லெக்டின் சோதனை சொதப்புகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிப்பது

பெங்களூரில் ஹெப்பால் தாண்டி வடக்கே ஒரு சின்ன நுண்ணுயிரியல் ஆய்வகம். அங்கே தாவர லெக்டின்களை (செல்லின் மேலுள்ள சர்க்கரையைப் பிடித்து, செல்களைக் கோர்த்துத் திரளவைக்கும் புரதங்கள்) வைத்துப் பாக்டீரியாவைக் கண்டுபிடிக்கும் சோதனைகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. புதிதாகச் சேரும் பிள்ளைகள் வருடா வருடம் அதே ஏழெட்டுப் பழுதுகளோடு வந்து நிற்கிறார்கள். பாதிப் பேர் சேலம், ஈரோடு, தர்மபுரிப் பக்கம். அதனால் விளக்கமெல்லாம் தமிழில்தான் நடக்கும். வாயால் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைக்கிறேன்.

கோட்பாடு எதுவும் இங்கே கிடையாது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: லெக்டினுக்குக் கிருமியைத் தெரியாது, சர்க்கரையைத்தான் தெரியும். கான்-ஏ என்பது தம்பட்டை அவரையின் உறவுக்காரச் செடி ஒன்றின் விதையில் இருப்பது. மானோஸ், குளுக்கோஸ் இரண்டையும் பிடிக்கும். கோதுமை முளையில் எடுக்கும் டபிள்யூ.ஜி.ஏ. என்-அசிட்டைல் குளுக்கோசமைனையும் சியாலிக் அமிலத்தையும் பிடிக்கும். நிலக்கடலையின் பி.என்.ஏ.வும் பலாக்கொட்டையின் ஜாக்கலினும் காலக்டோஸ் பக்கம் சாய்பவை. ஆகவே எந்தப் பழுது வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: இந்தக் குழாய்க்குள் அதே சர்க்கரை வேறு எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது?

எதற்கும் முன்னால் மூன்று சாட்சிகள்

இவை இல்லாத பிளேட்டை என்னிடம் கொண்டுவந்தால் பார்க்கவே மாட்டேன்.

முதல் சாட்சி, லெக்டின் போடாத குழி: செல்லும் பஃபரும் மட்டும். இரண்டாவது, லெக்டினோடு அதற்குரிய சர்க்கரையும் போட்ட குழி. கான்-ஏ என்றால் மீத்தைல் ஆல்ஃபா மானோசைடு 0.2 மோலார். டபிள்யூ.ஜி.ஏ.வுக்கு வெறும் என்-அசிட்டைல் குளுக்கோசமைன் பலவீனமான தடுப்பான். கைட்டினை உடைத்து எடுத்த சிறு சங்கிலிகள் நன்றாகத் தடுக்கும். மூன்றாவது, கண்டிப்பாகத் திரளும் என்று தெரிந்த ஒன்று. கான்-ஏவுக்கு இதைவிட மலிவான சாட்சி கிடையாது: பேக்கரிக்காரர்கள் வாங்கும் ஈஸ்ட். ஒரு சிட்டிகையைக் கரைத்து, மூன்று முறை கழுவி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு, லெக்டின் ஒரு சொட்டு சேர்த்து ஆட்டிப் பாருங்கள். சில நிமிடத்தில் ரவை மாதிரி திரியும். ஈஸ்டின் சுவர் முழுக்க மானான், அதாவது மானோஸ் சங்கிலி என்பதால் கான்-ஏ விடாது. டபிள்யூ.ஜி.ஏ.வுக்கு பாசில்லஸ் சப்டிலிஸ் வைத்துக்கொள்ளலாம். அது கான்-ஏவுக்கும் உதவும்.

பிளேட்டைப் படிக்கும் விதம்: அடி உருண்ட 96 குழிப் பிளேட்டில் திரளாத செல்கள் வழுக்கி இறங்கி நடுவில் பொட்டு வைத்த மாதிரி நிற்கும். திரண்டவை குழியின் அடி முழுவதும் பாய் விரித்த மாதிரி படியும். பொட்டு என்றால் இல்லை, பாய் என்றால் உண்டு. இதைத் தலைகீழாகப் படித்து இரண்டு வாரம் மகிழ்ச்சியாக இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம், அவர் இப்போது வேறிடத்தில் நன்றாக இருக்கிறார்.

அறிகுறி: எல்லாக் குழியிலும் பொட்டு, எங்கும் திரளவில்லை

"அண்ணா, இதென்னங்ணா, மேல இருந்து கீழ வரைக்கும் பொட்டாவே நிக்குது?" என்று ஒரு ஈரோட்டுப் பெண் பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். "ஈஸ்ட் போட்டியாம்மா?" என்றேன். முகம் போன போக்கிலேயே பதில் தெரிந்துவிட்டது. ஈஸ்டைப் பார்க்காமல் இந்த அறிகுறியில் ஒரு அடியும் நகர முடியாது. வழி அங்கேதான் இரண்டாகப் பிரிகிறது.

ஈஸ்டும் திரளவில்லை என்றால்

குற்றவாளி லெக்டின் அல்லது பஃபர். பஃபரைச் சந்தேகிப்பது மலிவு, அதில் தொடங்குங்கள். கான்-ஏவுக்குக் கால்சியமும் மாங்கனீசும் இல்லாவிட்டால் சர்க்கரையைப் பிடிக்கும் இடமே சரியாக அமையாது. பஃபரில் ஈ.டி.டி.ஏ. இருக்கிறதா? சிட்ரேட் இருக்கிறதா? இரண்டும் உலோகத்தைப் பிடுங்கிக்கொள்ளும். பக்கத்து மேஜையின் டி.என்.ஏ. பஃபரைக் கடன் வாங்கியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது.

அடுத்து பாஸ்பேட். எல்லோர் கைக்கும் முதலில் எட்டுவது பி.பி.எஸ். என்ற பாஸ்பேட் உப்புக் கரைசல் புட்டிதான். அதில் கால்சியம் குளோரைடு சேர்த்தால் கால்சியம் பாஸ்பேட் உருவாகும். உற்றுப் பார்த்தால் லேசான பால் நிறம் தெரியும். சேர்த்த உலோகம் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், லெக்டினுக்குக் கிடைக்காது. கான்-ஏவுக்கு நாங்கள் வைத்திருப்பது டிரிஸ் 10 மில்லிமோலார், உப்பு 150 மில்லிமோலார், கால்சியம் குளோரைடும் மாங்கனீசு குளோரைடும் தலா 1 மில்லிமோலார், பி.எச். 7.4. அமிலப் பக்கம் இறக்காதீர்கள். நடுநிலைக்கு மேல் கான்-ஏ நான்கு துண்டுகள் சேர்ந்த உருவில் இருக்கும். 6-க்குக் கீழே போகப் போக இரண்டு துண்டாகிவிடும், செல்களைக் கோர்த்துக் கட்டும் பலம் குறையும்.

டபிள்யூ.ஜி.ஏ.வுக்கு உலோகம் வேண்டாம். ஆனால் அது முழுக்க டைசல்பைடு முடிச்சுகளால் நிற்கும் புரதம். அந்த முடிச்சுகளை அவிழ்க்கும் டி.டி.டி.யோ மெர்காப்டோஎத்தனாலோ கலந்த எதுவும் அதன் கிட்டே வரக் கூடாது.

பஃபர் சரி என்றால் குப்பியைப் பாருங்கள். எத்தனை முறை உறைந்து உருகியது? பெரிய குழாயாக வைத்துக்கொண்டு தினமும் உருக்கிச் சுரண்டுவது இங்கே பரம்பரை வியாதி. கான்-ஏ அப்படிச் செய்தால் தானாகவே கட்டி சேர்ந்துவிடும். சென்ட்ரிஃப்யூஜில் வேகமாகச் சுற்றித் தெளிந்ததை மட்டும் எடுத்து, 280 நானோமீட்டரில் எவ்வளவு புரதம் மிச்சம் என்று அளந்து, மறுபடி ஈஸ்ட் பாருங்கள். குப்பியின் பெயர்ச்சீட்டையும் ஒருதரம் படியுங்கள். "சக்சினைலேட்டட்" என்று இருந்தால் அது இரண்டு துண்டு வகை. சர்க்கரையைப் பிடிக்கும், திரட்டுவதில் மந்தம். இதெல்லாம் பார்த்தும் ஈஸ்ட் அசையவில்லை என்றால்தான் புதுக் குப்பிக்கு ஆர்டர்.

ஈஸ்ட் திரண்டது, கிருமி திரளவில்லை என்றால்

லெக்டின் உயிரோடிருக்கிறது. சரி, இப்போது செல்லுக்கு வாருங்கள். முதலில் கழுவலைச் சந்தேகியுங்கள். டிரிப்டிக் சோய் பிராத்தில் லிட்டருக்கு 2.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. எல்.பி. என்ற மீடியத்தில் குளுக்கோஸ் இல்லை, ஆனால் ஈஸ்ட் சாறு இருக்கிறது. அதோடு கொஞ்சம் மானானும் கூடவே வரும். ஈஸ்டைப் பார்த்தால் விடாத லெக்டின் ஈஸ்ட் சாற்றை மட்டும் விட்டுவைக்குமா? கழுவாத செல்லைப் போட்டால் கான்-ஏ மீடியத்தோடே குடும்பம் நடத்திவிட்டு உங்கள் கிருமியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மூன்று கழுவல், ஒவ்வொரு முறையும் மேல்நீரைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்ச வேண்டும். பெல்லட் மேல் அரை மில்லி விட்டுவைத்து "கழுவிட்டேன்" என்பது கணக்கில் வராது.

அப்புறம் செல்லின் அளவு. 600 நானோமீட்டரில் ஓ.டி. (கலங்கலின் அளவு) 1 என்று வைத்தால் பொட்டும் பாயும் கண்ணுக்குத் தெரியும். 0.2-இல் போட்டால் திரண்டாலும் தெரியாது.

அதற்கும் சரியாக வரவில்லை என்றால் மேல்போர்வை. கிளெப்சியெல்லா மாதிரி கொழகொழவென்று பளபளக்கும் காலனி என்றால், கேப்சூல் மற்ற எல்லாவற்றையும் போர்த்தி மூடியிருக்கிறது. லெக்டின் பார்ப்பது போர்வையை மட்டும். கிராம் நெகட்டிவ்களில் டபிள்யூ.ஜி.ஏ. போட்டு ஏமாறுவதும் இதே கதைதான்: அது தேடும் பெப்டிடோகிளைக்கன் என்ற சுவர்ப்பொருள் வெளிச்சவ்வுக்கு உள்ளே ஒளிந்திருக்கும். இதில் பழுது பார்க்க ஒன்றுமில்லை. லெக்டினை மாற்றுங்கள். நாலைந்து லெக்டினை வரிசையாகப் போட்டு எது பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் நேரம் மிச்சம்.

அறிகுறி: லெக்டின் போடாத குழியிலும் பாய்

செல்லே தனக்குத்தானே திரள்கிறது. எல்.பி.எஸ். என்ற வெளிச்சவ்வுச் சர்க்கரைக் கொழுப்பின் வெளிச் சங்கிலியை இழந்த சொரசொரப்பு ஸ்ட்ரெயின்கள் உப்புக் கரைசலில் இப்படிச் செய்யும். முதலில் புதுக் காலனியில் ஆரம்பித்து இளசான வளர்ப்பை எடுங்கள். பழைய தட்டில் இருந்து சுரண்டியது வேண்டாம். அடுத்தது, உப்பைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். அடங்கினால் அதே பஃபரில் எல்லாச் சாட்சிகளையும் திரும்பப் போட வேண்டும். அடங்கவில்லை என்றால் அந்த ஸ்ட்ரெயினுக்குத் திரளல் சோதனை ஒத்துவராது, நிறம் வரும் பிளேட்டுக்கோ ஒளிரும் சாயத்துக்கோ மாறிவிடுங்கள்.

கட்டியை உடைக்கிறேன் என்று நோய்க்கிருமியை ஊசி வழியே முன்னும் பின்னும் தள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு. தெறிக்கும் துளியை நீங்கள்தான் சுவாசிப்பீர்கள். வேண்டாம்.

அறிகுறி: நடுவில் பாய், இரண்டு ஓரத்திலும் பொட்டு

இது பழுதே இல்லை. லெக்டின் மிகையானால் ஒவ்வொரு செல்லும் தனக்கென்று முழுச் சட்டை போட்டுக்கொள்ளும். இரண்டு செல்லைக் கோர்க்கக் கை மிச்சமிருக்காது. மில்லிக்கு 500 மைக்ரோகிராமில் ஆரம்பித்துப் பாதி பாதியாகப் பன்னிரண்டு குழி இறங்கினால் இந்தத் தொல்லை தானே தெரிந்துவிடும். ஒரே ஒரு செறிவில் சோதித்து "நெகட்டிவ்" என்று எழுதுபவர்களுக்குத்தான் இது பொறி.

அறிகுறி: நிறப் பிளேட்டில் எல்லாக் குழியும் நீலம்

செல்லைப் பிளேட்டில் படியவைத்து, பயோட்டின் கட்டிய லெக்டின், பிறகு எச்.ஆர்.பி. என்ற என்சைம் கட்டிய ஸ்ட்ரெப்டாவிடின் (பயோட்டினைப் பிடிக்கும் புரதம்), கடைசியில் அந்த என்சைம் நீலமாக்கும் டி.எம்.பி. என்று போகும் சோதனை. இதில் எங்கும் நீலம் வந்தால் ஒவ்வொரு அடுக்கையும் ஒருமுறை போடாமல் பாருங்கள். வேறு குறுக்குவழி எனக்குத் தெரியாது.

லெக்டின் போடாவிட்டாலும் நீலம் வருகிறதா? அப்படியென்றால் என்சைம் தானாக ஒட்டுகிறது. கழுவலில் டுவீன் என்ற சோப்புப் பொருள் 0.05 சதம் இருக்கிறதா, கழுவிய பிறகு பிளேட்டைத் துணிமேல் தட்டினீர்களா, ஸ்ட்ரெப்டாவிடினை அளவுக்கு மேல் கூட்டினீர்களா என்று பாருங்கள். புட்டியில் இருப்பது ஸ்ட்ரெப்டாவிடின்தானா, அல்லது அவிடினா? அவிடின் முட்டை வெள்ளையில் எடுத்தது. அதன் மேலேயே மானோஸ் தொங்குகிறது, கூடவே பலமான நேர்மின்னூட்டம். கான்-ஏவிலும் ஒட்டும், பாக்டீரியா மேலும் ஒட்டும். ஸ்ட்ரெப்டாவிடினில் சர்க்கரை கிடையாது.

லெக்டின் இருந்து, செல் இல்லாத குழியிலும் நீலமா? உங்கள் பிளாக்கிங் கரைசலைத்தான் லெக்டின் பிடிக்கிறது. வெஸ்டர்ன் பிளாட் பழக்கத்தில் பால்பவுடர் போடுவார்கள். பாலில் சர்க்கரை கட்டிய புரதங்கள், லாக்டோஸ், போதாக்குறைக்குப் பயோட்டினும் உண்டு. லெக்டின் சோதனைக்கு இதைவிடப் பொருத்தமில்லாத பொருளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பி.எஸ்.ஏ. என்ற மாட்டுச் சீரப் புரதம் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் சாதாரண ரகத்தில் வேறு கிளைக்கோபுரதங்கள் கலந்திருக்கும். பெர்அயோடேட்டால் சர்க்கரையைச் சிதைத்த பி.எஸ்.ஏ., அல்லது பாலிவினைல் ஆல்கஹால் மாதிரி புரதமே இல்லாத பிளாக்கர், இரண்டில் ஒன்றைப் போடுங்கள்.

இவை எல்லாம் சரி, ஆனாலும் நீலம். இங்கேதான் நான் முழுசாக மூன்று நாள் தொலைத்தேன். கான்-ஏவைப் பிளேட்டில் பூசி, அது கிருமியைப் பிடிக்க, பிடித்ததை எச்.ஆர்.பி. கட்டிய ஆன்டிபாடியால் காட்ட வேண்டும் என்பது திட்டம். கிருமி உள்ள குழி அடர் நீலம், இல்லாத குழியும் அதே நீலம். பிளாக்கரை மாற்றினேன், புது டி.எம்.பி. உடைத்தேன், தண்ணீர் மேல்கூட சந்தேகப்பட்டு தண்ணீர் சுத்திகரிக்கும் டி.ஐ. யூனிட்டின் கேட்ரிட்ஜை மாற்றச் சொல்லி அட்டெண்டரிடம் திட்டு வாங்கினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அவுட்டர் ரிங் ரோடு நெரிசலில் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் நான் மற்றவர்களிடம் கேட்கும் கேள்வியை என்னிடமே கேட்டேன். அதே சர்க்கரை வேறு எங்கே? எச்.ஆர்.பி. என்பதே குதிரைமுள்ளங்கியின் கிளைக்கோபுரதம். அதன் சங்கிலியில் மானோஸ் இருக்கிறது. கான்-ஏ அதை ஆசையாகப் பிடிக்கும். பழைய நுண்ணோக்கி முறைகளில் கான்-ஏவைக் காட்டுவதற்கே வெறும் எச்.ஆர்.பி.யைத்தான் ஊற்றினார்கள். போதாததற்கு ஆன்டிபாடியின் தண்டிலும் சர்க்கரை. நான் பூசிய லெக்டின் கிருமிக்காகக் காத்திருக்கவே இல்லை.

மானோசைடு ஊற்றி அதைத் தடுக்கலாமே என்று கேட்பார்கள். ஊற்றினால் பிடித்துவைத்த கிருமியும் சேர்ந்து கழன்று போகும். தீர்வு, கான்-ஏவும் எச்.ஆர்.பி.யும் ஒரே பிளேட்டில் சந்திக்காமல் பார்த்துக்கொள்வது. செல்லைப் பூசி, பயோட்டின் கான்-ஏ போட்டு, ஒளிரும் சாயம் கட்டிய ஸ்ட்ரெப்டாவிடினால் படியுங்கள்.

நீலம் ஓரக் குழிகளில் மட்டும் என்றால் ஆவியாதல், மூடி ஒட்டுங்கள். ஒரே வரிசையில் மட்டும் என்றால் எட்டுவாய்ப் பிப்பெட்டின் ஒரு வாய். நிறத் தண்ணீரை 96 குழியிலும் ஒரே அளவு விட்டுப் படியுங்கள். குழிக்குக் குழி அளவு மாறினால் பிப்பெட்டை அளவுத்திருத்தத்துக்கு அனுப்புங்கள். வேறு பிப்பெட்டிலும் அதே இடம் தப்பாகவே வந்தால் ரீடரின் சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். ஒளிப்பாதையை நீங்களே திறந்து துடைக்க வேண்டாம்.

அறிகுறி: நிறமே வரவில்லை

பஃபர் கெடாமல் இருக்க அசைடு போட்டிருப்பீர்கள். அது எச்.ஆர்.பி.யைச் செயலிழக்கச் செய்துவிடும். இன்னொன்று, டி.எம்.பி. ஊற்றியதும் குழியில் சின்னச் சின்னக் குமிழி கிளம்பினால் அது கேட்டலேஸ். ஸ்டாஃபிலோகாக்கஸ் மாதிரி கேட்டலேஸ் உள்ள செல்லை உயிரோடு பூசினால் ஹைட்ரஜன் பெராக்சைடை அதுவே தின்றுவிடும், என்சைமுக்கு மிஞ்சாது. செல்லைச் சூட்டிலோ ஃபார்மலினிலோ கொன்றுவிட்டுப் பூசுங்கள்.

அறிகுறி: சர்க்கரை போட்டும் குறையவில்லை

நல்ல திரளல், நல்ல நிறம், ஆனால் தடுப்புச் சர்க்கரை சேர்த்தும் அப்படியே நிற்கிறது. இந்த முடிவை யாருக்கும் காட்டாதீர்கள்.

எளியது, சர்க்கரை தவறு அல்லது அளவு போதாது. கான்-ஏவுக்குக் காலக்டோஸ் போட்டால் எப்படிக் குறையும்? லெக்டினும் சர்க்கரையும் கால் மணி நேரம் முன்னதாகவே கலந்து இருக்கட்டும், பிறகு செல்.

அடுத்தது ஃபார்மலின் மிச்சம். நிலைப்படுத்திய பிறகு ஒழுங்காகக் கழுவாவிட்டால் மீந்த ஆல்டிஹைடு லெக்டினின் லைசின்களைப் பிடித்து ஒட்டவைத்துவிடும். அந்த ஒட்டலுக்குச் சர்க்கரை தேவையே இல்லை. கிளைசின் போட்டு மிச்சத்தை அடக்கிவிட்டு, மூன்று முறை கழுவி, மறுபடி பாருங்கள்.

மூன்றாவதை நம்புவது கஷ்டம், ஆனால் உண்மை: கிருமி லெக்டினைப் பிடிக்கிறது. ஈ. கோலையின் டைப் 1 நார்களின் நுனியில் மானோஸைப் பிடிக்கும் ஃபிம்எச் என்ற புரதம் இருக்கிறது. சோயா லெக்டின் காலக்டோஸ் வகையைத் தேடும், ஆனால் அதன் உடம்பிலேயே மானோஸ் சங்கிலி தொங்குகிறது. நீங்கள் காலக்டோஸ் ஊற்றித் தடுக்கப் பார்ப்பீர்கள். பிடித்துக்கொண்டிருப்பதோ மறுபக்கத்துக் கை. சோதிப்பது சுலபம், மானோசைடு போடுங்கள். அதற்கு அடங்கினால் பிடித்தது கிருமிதான்.

அறிகுறி: போன வாரம் வந்தது, இந்த வாரம் வரவில்லை

டிசம்பர், ஜனவரி என்றால் முதலில் அறையின் வெப்பத்தைப் பாருங்கள். நெறிமுறையில் "அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரம்" என்று எழுதியவர் சென்னைக்காரராக இருக்கலாம். இங்கே விடியற்காலையில் 16 டிகிரிக்குக் கூட இறங்கும். இன்குபேட்டரில் 25 என்று நிலையாக வைத்துவிட்டால் இந்தத் தலைவலி போகும்.

அடுத்து மீடியம். பாசில்லஸ் சப்டிலிஸை உதாரணமாகச் சொல்கிறேன். கான்-ஏ அதைப் பிடிப்பது சுவரின் டைக்கோயிக் அமிலத்தில் இருக்கும் குளுக்கோஸை வைத்து. அதே ஸ்ட்ரெயினைப் பாஸ்பேட் பற்றாத மீடியத்தில் வளர்த்தால் டைக்கோயிக் அமிலத்தை விட்டுவிட்டுப் பாஸ்பேட் இல்லாத டைக்யூரோனிக் அமிலத்துக்கு மாறிக்கொள்ளும். கான்-ஏ பிடிக்க இடமே இருக்காது. கிருமி அதே, பெயர்ச்சீட்டு அதே, சட்டை மட்டும் வேறு. மீடியம் புட்டியின் தொகுதி எண், வளர்த்த மணி நேரம், ஓ.டி. மூன்றையும் நோட்டில் எழுதாதவர்களிடம் இந்தப் பழுது தீராமல் மாதக்கணக்கில் குடியிருக்கும்.

இரண்டும் மாறவில்லை என்றால் ஸ்ட்ரெயினே கலப்படமாகியிருக்கலாம். கிராம் சாயம் போட்டுப் பாருங்கள், உறைகுளிர்ப் பெட்டியின் மூலக் குப்பியிலிருந்து மறுபடி கோடிழுங்கள். அதிலும் சந்தேகம் என்றால் 16எஸ் மரபணு வரிசை பார்க்க வெளியே அனுப்ப வேண்டியதுதான்.

அறிகுறி: கடையில் வாங்கிய விதையில் எடுத்த லெக்டின் வேலை செய்யவில்லை

கார்த்திகைக் கடைசித் திங்கள் பசவனகுடியில் கடலைக்காய் பரிஷெ என்ற நிலக்கடலைத் திருவிழா நடக்கும்போது எங்கள் பிள்ளைகள் ஒரு மூட்டை வாங்கி வருவார்கள். பாதி வாய்க்கு, பாதி ஆய்வகத்துக்கு. வறுத்தது உதவாது, பச்சைக் கடலைதான் வேண்டும். அரைத்து எண்ணெய் நீக்கி உப்புத் தண்ணீரில் ஊறவைத்துச் சாறு எடுத்து, சொந்த ரத்தத்தில் ஒரு சொட்டு கலந்து, "திரளல" என்று சோர்ந்துபோவார்கள். பி.என்.ஏ. சாதாரண மனிதச் சிவப்பணுவைத் திரட்டாது; அது தேடும் சர்க்கரையைச் சியாலிக் அமிலம் மூடியிருக்கும். நியூராமினிடேஸ் என்ற என்சைமால் அதைச் சீவிவிட்டுப் பாருங்கள்.

கொள்ளிலும் இதே ஏமாற்றம் உண்டு. இங்கே கடையில் ஹுருளி காளு என்று கேட்க வேண்டும். அதன் லெக்டின் ஏ1 வகை ரத்தத்தைத்தான் பலமாகத் திரட்டும். ரத்த வங்கிகளில் ஏ1-ஐயும் ஏ2-ஐயும் பிரிக்கவே அதை வைத்திருக்கிறார்கள். ஓ குரூப் நண்பனின் விரலைக் குத்திப் பயனில்லை. பலாக்கொட்டையின் ஜாக்கலினுக்கு இந்தக் குரூப் வம்பு கிடையாது, சோதித்துப் பார்க்கச் சுலபம். நிலக்கடலை லெக்டினின் வடிவத்தை 1994-லும் ஜாக்கலினின் வடிவத்தை 1996-லும் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்துக்காரர்கள்தான், எம். விஜயனும் ஏ. சுரோலியாவும் அவர்கள் குழுவும். ஆக, பெங்களூரில் கடலை அரைப்பதற்குக் கொஞ்சம் பாரம்பரியம் உண்டு.

ஆமணக்கையும் குன்றிமணியையும் மட்டும் யாரும் அரைக்க வேண்டாம். இரண்டும் கொடிய நஞ்சு. அந்தப் பேச்சு வந்தால் முதலில் உயிர்ப்பாதுகாப்புக் குழுவிடம் போங்கள்.

அறிகுறி: சாயமோ பயோட்டினோ கட்டியபின் லெக்டின் செத்துவிட்டது, அல்லது காணவில்லை

காணவில்லை என்றால் வடிகட்டும் தூணை (காலம், column) பாருங்கள். மீந்த சாயத்தை நீக்க அதில் எல்லோரும் நிரப்பும் செஃபடெக்ஸ், டெக்ஸ்ட்ரானால் ஆனது. அதாவது குளுக்கோஸ் சங்கிலி. கான்-ஏ அதிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். தூணின் மேல்பகுதி ரோஜா நிறத்தில் அழகாக நிற்க, கீழே வெறும் தண்ணீர் சொட்டும். பதற வேண்டாம், மானோசைடு ஊற்றினால் இறங்கி வரும். அடுத்த தடவை டயாலிசிஸ் பை.

செத்துவிட்டது என்றால் கட்டும்போது பிடிப்பிடத்து லைசின்களிலும் சாயம் ஏறியிருக்கும். கட்டும் கரைசலில் அதற்குரிய சர்க்கரையைச் சேர்த்து அந்த இடத்தை மூடிவைத்துச் செய்யுங்கள், சாயத்தின் விகிதத்தையும் குறையுங்கள். ஒன்றுமே ஏறவில்லை என்றால் பஃபர் டிரிஸ். அதன் அமைன் சாயத்தை எல்லாம் தானே வாங்கிக்கொண்டது. இந்த ஒரு வேலைக்கு மட்டும் டிரிஸ் கூடாது. இரண்டு முறை தோற்றால் கட்டியதையே விலைக்கு வாங்குங்கள். உங்கள் ஒரு வாரச் சம்பளத்தைவிட மலிவாகவே முடியும்.

அறிகுறி: தூய வளர்ப்பில் வருகிறது, நிஜ மாதிரியில் வரவில்லை

பாலில் லாக்டோஸ் கிட்டத்தட்ட 5 சதம். பி.என்.ஏ.வைத் தடுக்க நாம் ஊற்றும் சர்க்கரையே அங்கே இலவசமாக நிற்கிறது. சிறுநீரில் யூரோமோடுலின் என்ற புரதம். அதில் மானோஸ் சங்கிலியும் உண்டு, சியாலிக் அமிலமும் உண்டு. கான்-ஏ, டபிள்யூ.ஜி.ஏ. இரண்டுமே அதில் மாட்டும். எச்சிலில் ஐ.ஜி.ஏ.1 என்ற ஆன்டிபாடி இருக்கிறது, ஜாக்கலின் அதை விடாது. ரத்தச் சீரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

செல்லை மட்டும் சுற்றி இறக்கி மூன்று முறை கழுவுவது முதல் வழி. பாலில் கொழுப்பு மேலே மிதந்து பாக்டீரியாவையும் கூட்டிக்கொண்டு போகும், அதனால் கொழுப்பு அடுக்கை அப்படியே வீசாமல் அதையும் பாருங்கள். போதவில்லை என்றால் சில மணி நேரம் பிராத்தில் வளர்த்துப் பெருக்கிவிட்டுக் கழுவிச் சோதியுங்கள்.

அறிகுறி: வேறு கிருமிக்கும் பாசிட்டிவ் வருகிறது

இதற்கு என்னிடம் மருந்து கிடையாது. டபிள்யூ.ஜி.ஏ. ஸ்டாஃபிலோகாக்கஸைப் பிடிக்கும், பாசில்லஸையும் பிடிக்கும், தோலில் இருந்து விழுந்த அப்பாவிக் கிருமியையும் பிடிக்கும். நாலைந்து லெக்டினின் வரிசையைச் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு பிரிக்கலாம், அதுவும் அதே மீடியத்தில் வளர்த்துப் பழகிய ஸ்ட்ரெயின்களுக்குள் மட்டும். நோயாளியின் மாதிரி என்றால் பேச்சே இல்லை: வளர்ப்பு, அடையாளம், மருந்து எதிர்ப்புச் சோதனை மூன்றையும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள மருத்துவ ஆய்வகம்தான் செய்ய வேண்டும்.

எங்கள் நோட்டில் கிருமியின் பெயரை எழுதுவதில்லை. "டபிள்யூ.ஜி.ஏ. பாசிட்டிவ், கைட்டின் சங்கிலியால் தடைபட்டது, வளர்ப்புக்கு அனுப்பப்பட்டது" என்று எழுதி, தேதி போட்டு, குழாயை ஐஸ் பெட்டியில் வைத்து மத்தியான வண்டியில் ஏற்றிவிடுகிறோம்.